வெடிப்புக்கு முந்திய வெப்பம்

உங்களில் பலருக்கு வெப்பப்படக் கமராவை என்னைவிட நன்றாகவே இயக்கத் தெரியும். அதை எப்படிப் பொருத்துவது, எப்படித் திருத்துவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சிறிது காலம் முன்பு, நீர்வேலியில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு ஒரு கொங்கிறீற் பீம் வந்தது. அந்த ஒரு பீம் எனக்குக் காட்டியதை என் மற்ற எல்லா வருடங்களும் சேர்ந்து காட்டவில்லை.

அதை எடுக்கப் போனபோது ஐந்தாறு பேர் அதன்மேல் குந்தியிருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள்.

இடம் வடமராட்சிக் கரையில் ஒரு மீனவக் கிராமம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீரேரி, நடுவே ஒடுங்கிய மணல்திடல். வெளியே வருவதற்கு ஒரே வழி, நீரேரியின் வாய்க்கு மேலே போகும் சிறிய பாலம். பள்ளிப் பிள்ளைகளும் மீன் ஏற்றும் வாகனங்களும் பேருந்தும் எல்லாம் அதால்தான். அந்தக் கிராமத்துக்குப் படகுகளைக் கட்டி நிறுத்த ஒதுக்கிடம் கிடையாது. வாடைக்காற்று தொடங்கினால் படகுகளைக் கரையில் ஏற்றிவிட்டு மாதக்கணக்கில் சும்மா இருப்பார்கள். ஏற்றத் தவறிய படகைக் கடல் உடைத்துவிடும். பல வருடம் கேட்டுக் கேட்டுக் கடைசியில் அவர்களுக்கு ஒரு சிறு துறைமுகம் கிடைத்தது. அதற்கு அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்ட வேண்டும். கல் லொறியில் வர வேண்டும். லொறி அந்தப் பாலத்தால் வர வேண்டும்.

துறைமுகம் கட்டும் வேலையைக் கொந்தராத்து எடுத்தவர்களின் கணக்குப்படி பாலம் ஒரு கல் லொறியை இலகுவாகத் தாங்கும். அந்தக் கணக்கில் பிழை இல்லை. நானும் போட்டுப் பார்த்தேன். ஆனால் போகப்போவது ஒரு லொறி அல்ல. விடிந்தால் பொழுதுபடும் வரை, ஒன்றன் பின் ஒன்றாக, மாதக்கணக்கில் லொறிகள். ஒருமுறை தாங்கும் பாரத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் கொங்கிறீற் களைத்துப் போகும். அந்தக் களைப்புக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே எத்தனை தரம் ஏற்றினாலும் அனேகமாகக் கவலையில்லை. மேலே போனால் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ கொஞ்சம் உடைகிறது. வெளியே ஒன்றும் தெரியாது.

பாலத்தையே உடைத்துப் பார்க்க முடியாது அல்லவா? அதனால்தான் அந்தப் பீம். பாலம் கட்டிய காலத்தில் ஒரு பீம் கூடுதலாக வார்த்திருக்கிறார்கள். அதே மணல், அதே சீமெந்து, அதே கம்பி. மிஞ்சியதைத் தூக்க வழியில்லாமல் கரையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஊர் அதை உட்காரும் வாங்காக்கிக்கொண்டது.

பாரந்தூக்கியோடு நாங்கள் போய் இறங்கியதும் மீனவர் சங்கத் தலைவர் எழுந்து வந்தார். சிவகுரு சம்மாட்டியார். சொந்தமாகப் படகுகள் வைத்துத் தொழில் செய்பவர். என்னைவிட இரண்டொரு வயது கூட இருக்கலாம். வலது கையில் மோதிரவிரல் பாதிதான் இருந்தது. கயிற்றில் அகப்பட்டுப் போனதாம்.

"உந்தப் பீமை எங்கை கொண்டு போறியள் தங்கச்சி?"

"சோதிக்க அண்ணை. உங்கடை பாலம் லொறியளைத் தாங்குமோ எண்டு இதை வைச்சுப் பாக்கப்போறம்."

"தாங்காது எண்டு வந்தால்?"

நான் பாரந்தூக்கிக்காரருக்குக் கைகாட்டினேன். அவர் பின்னால் திரும்பி வலைக்காரரைப் பார்த்து, "எழும்புங்கோடா" என்றார். பிறகு என்னிடம், "நானும் வந்து பாக்கலாமோ?" என்று கேட்டார். வரச் சொன்னேன்.

சோதனை நாளன்று அவர் வெள்ளை வேட்டி, சட்டையோடு கோயிலுக்குப் போவதுபோல வந்தார். கொந்தராத்துப் பக்கம் இருந்து கஜன் என்ற இளம் பொறியியலாளர் வந்தார். கெட்டிக்காரப் பிள்ளை, நேர்மையான பிள்ளை. ஆனால் அவருடைய தொலைபேசி ஓயவே இல்லை. கல் ஏற்றிய லொறிகள் பாலத்தைத் தாண்டக் காத்து வரிசையாக நின்றன. வாடைக்காற்றுக்கு முன் அலைத்தடுப்பை முடிக்க வேண்டும். அன்று பின்னேரத்துக்குள் என்னுடைய பதில் வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கம் நானும், இயந்திரத்தை ஓட்டும் நிமலனும்.

செய்முறை சுருக்கமாக இதுதான். பீமின் இரண்டு அந்தமும் தாங்கியில் இருக்கும். நடுவில் இயந்திரம் அழுத்தும், விடும், அழுத்தும், விடும், நொடிக்கு ஓரிரு தடவை. மாதக்கணக்கில் போகும் லொறிகள் ஒரே பகலில் போய் முடிந்துவிடும். வெறும் லொறியின் பாரத்தில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி, கல் நிறைந்த லொறியின் முழுப்பாரம் வரை போவோம். கமரா முழுநேரமும் பீமின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். எல்லைக்குக் கீழே இருந்தால் பீம் மிகச் சிறிதளவு சூடாகி அதோடு நின்றுவிடும். எல்லையைத் தாண்டினால் உள்ளே உரசலும் உடைவும் தொடங்கும். அந்த உரசல் வெப்பமாக வெளியே வரும், நிற்காது.

சம்மாட்டியாருக்கு இதைச் சொன்னபோது நம்பவில்லை. "கல்லு ஏன் சுடப்போகுது?" என்றார். நான் கட்டுக்கம்பி ஒரு துண்டு எடுத்துக் கொடுத்து, அதை முன்னும் பின்னும் விரைவாக வளைக்கச் சொன்னேன். அது முறியும் தறுவாயில் வளைந்த இடத்தை உதட்டில் வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தார். பிறகு பீமை ஒரு மாதிரிப் பார்த்தார்.

வெறும் லொறியின் பாரத்தில் பீம் ஒன்றும் காட்டவில்லை. அரைப் பாரத்திலும் இல்லை. முக்கால் பாரத்தில் நடுப்பகுதி லேசாக நிறம் மாறி, அப்படியே அமைதியாக நின்றது. கஜனின் முகம் தெளிந்தது. இயந்திரத்தை நிறுத்தித் தேநீர் குடித்தோம். அந்த நேரம் சம்மாட்டியார், தான் இத்தனை காலம் இருந்து எழும்பிய பீமருகே போய், அதன் கீழ்விளிம்பில் கையை வைத்தார். "சூடாய் இல்லையே தங்கச்சி" என்றார்.

"உங்கடை கைக்குத் தெரியாது அண்ணை. இஞ்சை வந்து பாருங்கோ."

அவர் திரைக்கு வந்தார். நீலமாகக் கிடந்த பீமின் மேல் அவருடைய கை செம்மஞ்சளாகப் பதிந்திருந்தது. நாலு விரலும், அந்தப் பாதி மோதிரவிரலும். கை இங்கே அவரோடு இருக்கிறது, அங்கே கொங்கிறீற்றில் இன்னொரு கை எரிகிறது. அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே விரல்கள் ஒவ்வொன்றாக மங்கின. நிமலன் இதையெல்லாம் நூறு தரம் பார்த்தவன். அவனும் தேநீரை வைத்துவிட்டு வந்து நின்றான். கடைசியாக உள்ளங்கை மறைந்தது. 

பிறகு முழுப்பாரத்தைத் தொடங்கினோம்.

முதலில் ஒன்றுமில்லை. நான் கதிரையில் சாய்ந்தேன். சிறிது நேரத்தில் நடுவிலிருந்து சற்று விலகி, கீழ்விளிம்புக்கு மேலே, ஒரு புள்ளி. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். புள்ளி இருந்தது. ஒரு பாகை வெப்பத்தில் சிறு பங்குதான். ஆனால் அது நிற்கவில்லை. மெல்ல மெல்ல, இருட்டில் யாரோ ஒரு திரியைத் தூண்டுவதுபோல, கூடிக்கொண்டே வந்தது.

கஜன் என் தோளுக்கு மேலால் பார்த்தார். "மிஸ், அது ஐயா கை வைச்ச இடம் எல்லோ?"

நியாயமான கேள்வி. சம்மாட்டியாரின் கை பட்டது அதற்கு ஒரு சாண் தள்ளித்தான். மேலே விளக்குகள் எரிந்தன. இயந்திரத்தின் எண்ணெய் சூடாகியிருந்தது. நாங்கள் நாலு பேர் பக்கத்தில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். இத்தனை சிறிய வெப்பத்துக்கு இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். பீமை நேரில் போய்ப் பார்த்தேன். மயிரளவு வெடிப்பும் இல்லை. வழுவழுப்பாக இருந்தது.

கஜனின் தொலைபேசி அடித்தது. எடுக்காமல் என்னையே பார்த்தார். "வெடிப்பு இல்லை, மிஸ். கணக்கும் சரி. தாங்கும் எண்டு எழுதித் தந்தீங்கள் எண்டால் லொறி இப்பவே வெளிக்கிடும்."

சம்மாட்டியாரும் என்னைப் பார்த்தார். அவருக்கும் வேண்டியது அதே பதில்தான். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் வேண்டும். நான் கரவெட்டியில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவள், கடல்தொழில் தெரியாது. ஆனால் அந்தக் கரையில் உடைந்து கிடந்த படகுகளைக் கண்டிருக்கிறேன். ஓர் அறை முழுவதும் ஒரே பதிலுக்குக் காத்திருக்கும்போது, அந்தப் பதில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிடும், பிள்ளைகளே. வழுவழுப்பான கொங்கிறீற் தெரியும், சரியான கணக்குத் தெரியும், அந்தப் புள்ளி தெரியாது.

"நிமலன், நிப்பாட்டு" என்றேன்.

விளக்குகளை அணைக்கச் சொன்னேன். மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். எல்லோரையும் சுவரோடு போய் நிற்கச் சொன்னேன். யாரும் பீமைத் தொடக்கூடாது, கிட்டவும் போகக்கூடாது. பீம் முழுவதும் ஒரே நிறத்துக்கு வரும்வரை காத்திருந்தோம். வெளியே தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பின் சத்தம் மட்டும் கேட்டது. புள்ளி மங்கி மறைந்தது.

"கை வைச்ச சூடு எண்டால் போனது போனதுதான்" என்று கஜனுக்குச் சொன்னேன். "திரும்பி வராது. பீமின்ரை சொந்தச் சூடு எண்டால் வரும்."

மறுபடி ஓட்டினோம். யாரும் அசையவில்லை. எங்கும் நீலம். வராதே என்று நினைத்தேன். ஆம், அப்படித்தான் நினைத்தேன்.

வந்தது. அதே இடம்.

இன்னொரு தரம் நிறுத்தினோம். ஆறவிட்டோம். ஓட்டினோம். அதே இடம், இந்தமுறை இன்னும் விரைவாக. கஜன் தொலைபேசியை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். "நிப்பாட்டாமல் ஓட விடுங்கோ, மிஸ். எங்கை போய் முடியுது எண்டு பாப்பம்" என்றார். அந்த நிமிடத்திலிருந்து அவரை எனக்குப் பிடித்தது.

ஓட விட்டோம். மதியம் சாப்பாட்டைக்கூட நின்றபடியே முடித்தோம். அந்தப் புள்ளி நீண்டது. சரிந்த கோடாக, மேல்நோக்கி, பாரம் அழுத்தும் இடத்தை நோக்கிப் போனது. திரையில் ஒரு கோடு செம்மஞ்சளாக ஓடுகிறது. தலையைத் திருப்பிப் பீமைப் பார்த்தால் அங்கே சாம்பல் நிறக் கொங்கிறீற் ஒரு கீறலும் இல்லாமல் இருக்கிறது. திரும்பத் திரும்ப அங்கும் இங்கும் பார்த்தேன். இன்னும் பிறக்காத வெடிப்பின் படத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பீம்களை உடைத்திருக்கிறேன். உடைந்த பிறகு வெடிப்பைப் படித்து, ஏன் உடைந்தது என்று எழுதுவதுதான் என் தொழிலாக இருந்தது. முன்னதாகவே அது தன் பாதையைச் சொல்லும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. 

பின்னேரம் சரியத் தொடங்கியபோது வெடித்தது. முதலில் நூல்போல, பிறகு விரல் நுழையுமளவுக்கு, பிறகு ஒரு பெரிய சத்தம். கூரைத் தகடு அதிர்ந்தது. தூசி அடங்கியதும் போய்ப் பார்த்தோம். அந்தச் செம்மஞ்சள் கோடு போன வழியிலேயே, வளைவு நெளிவுகூட மாறாமல், பீம் பிளந்து கிடந்தது. நிமலன் கும்பிட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சம்மாட்டியார் குனிந்து அந்தப் பிளவில் விரலை ஓட்டினார். "உங்கடை கமரா சொன்னது சரிதான்" என்றார். "ஆனால் கடலுக்கு ஆர் சொல்லுறது, தங்கச்சி? வாடை எங்களுக்காகப் பொறுத்து நிக்குமோ?"

கஜன் மெதுவாகச் சொன்னார், "முக்கால் பாரத்திலை ஒண்டும் இல்லைத்தானே, மிஸ். முக்கால் பாரம் எண்டு வைப்பமே?"

படம் அப்படித்தான் சொன்னது. முக்கால் பாரம் எல்லைக்குக் கீழே. ஆனால் படம் சொன்னது அந்த ஒரு பீமைப் பற்றி. அது வாழ்நாள் முழுவதும் கரையில் படுத்திருந்த பீம். அதன்மேல் ஆட்கள் இருந்து வலை பொத்தினார்கள், அவ்வளவுதான். பாலத்தில் இருக்கும் அதன் சகோதரங்கள் அத்தனை வருடமும் பேருந்தைச் சுமந்தவை. எவ்வளவு களைத்திருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. கமரா பார்த்ததைத்தான் சொல்லும். அது பார்க்காததை நாங்கள்தான் யோசிக்க வேண்டும்.

"அரைப் பாரம்" என்றேன். "அதுக்கு மேலை ஒரு கல்லும் வேண்டாம்."

அந்த ஒரு வசனத்தை எழுதிக் கையெழுத்து வைத்தேன். அரைப் பாரம் என்றால் இரண்டு மடங்கு பயணம். வாடைக்கு முன் அலைத்தடுப்பு முடியாது. சங்கக் கூட்டத்தில் என்னைக் கிழிகிழி என்று கிழித்தார்கள். "நீர்வேலியிலை இருந்துகொண்டு எங்கடை கடலைப் பற்றி முடிவெடுக்க நீங்கள் ஆர்?" என்று ஒருவர் கேட்டார். சம்மாட்டியார் எனக்காக ஒரு வார்த்தை கதைக்கவில்லை. எதிராகவும் கதைக்கவில்லை.

கஜன் என் சொல்லைக் காத்தார். ஒவ்வொரு லொறியின் பெட்டிக்குள்ளும் சிவப்பு மையால் ஒரு கோடு கீறினார். கல் அதைத் தாண்டக்கூடாது.

வாடைக்காற்று வந்தபோது அலைத்தடுப்பு பாதிதான் கடலுக்குள் போயிருந்தது. ஒரு நாள் கடல் திடீரென்று எழும்பி, இன்னும் கரையேற்றாமல் கட்டியிருந்த சில படகுகளை அடித்துப் போட்டது. நான் போய்ப் பார்த்தேன். உடைந்தவற்றில் ஒன்று சம்மாட்டியாருடையது. அவர் அதன் பக்கத்தில் மணலில் குந்தியிருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் குந்தினேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று தோன்றியது. சரியான முடிவு எடுத்தால் மனம் ஆறும் என்று உங்களுக்கு யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துப் புயல் எச்சரிக்கை வந்தது. அந்தத் திடலில் ஒருவரும் இருக்கக்கூடாது, எல்லோரும் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார்கள். பிரதேச அலுவலகத்திலிருந்து என்னை அழைத்து, பாலத்தால் வாகனங்களை விடலாமா என்று கேட்டார்கள். நான் நேரே போனேன்.

மழை சரித்து அடித்தது. பட்டப்பகலிலேயே வாகனங்கள் விளக்குப் போட்டிருந்தன. கல் லொறிகள் கல் இல்லாமல் ஊருக்குள் நின்றன. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கஜன் மழைச்சட்டையோடு ஒரு லொறியின் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"காணும், காணும்! மிச்சம் அடுத்ததிலை ஏறுங்கோ! சாமான் ஏத்தாதேங்கோ, பாரம் கூடுது!"

கீழே மணலில் படகு எஞ்சின்களும் வலைமூட்டைகளும் குவிந்து கிடந்தன. படகை விட்டுவிட்டுப் போகலாம். எஞ்சினும் வலையும் போனால் அந்தக் குடும்பங்கள் மீண்டும் கடலுக்குப் போக வருடங்கள் ஆகும். பெண்கள் வலைமூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு லொறியில் ஏற மறுத்தார்கள். சம்மாட்டியார் மழையில் நனைந்தபடி எஞ்சின்களுக்கு நடுவில் நின்றார். என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டு என்ன பயன் என்று நினைத்திருப்பார்.

நான் பாலத்தைப் பார்த்தேன். கமரா கொண்டு போகவில்லை. அந்த மழையில் அது ஒன்றையும் காட்டாது. யோசிக்கத்தான் வேண்டும். நான் வைத்த எல்லை என்ன எல்லை? தினமும், ஓயாமல், மாதக்கணக்கில் போவதற்கான எல்லை. இன்று அப்படியா? இன்று ஒரு நாள். ஒருமுறை தாங்க வேண்டிய பாரம் என்றால் கஜனின் பழைய கணக்குத்தான் சரியான கணக்கு. அந்தக் கணக்குச் செல்லுபடியாக வேண்டுமென்றால் பீம்கள் அதிகம் களைக்காமல் இருக்க வேண்டும். நாங்கள் அவற்றை மேலும் களைக்க விடவில்லை. அத்தனை ஏச்சு வாங்கி, அத்தனை கல்லைப் பாதி பாதியாக ஏற்றி, அந்தப் பலத்தை அங்கேயே மிச்சம் வைத்திருந்தோம்.

"கஜன், முழுசா ஏத்துங்கோ" என்றேன்.

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "மிஸ், அரைப் பாரம் எண்டு நீங்கள்தானே..."

"அது ஒவ்வொரு நாளும் போறதுக்கு. இது இண்டைக்கு மட்டும். ஒவ்வொரு லொறியாய், மெதுவாய் விடுங்கோ. ஒண்டு அந்தப் பக்கம் இறங்கினாப் பிறகு மற்றது."

சம்மாட்டியார் கிட்ட வந்தார். "எஞ்சினும் ஏத்தலாமோ?"

"ஏத்துங்கோ அண்ணை. வலையையும் ஏத்துங்கோ."

 அவர் திரும்பி ஊரைக் கூப்பிட்டுச் சத்தம் வைத்தார். ஊரே ஓடி வந்தது. எஞ்சின்களைக் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றினார்கள். வலைமூட்டைகள் சிவப்புக் கோட்டை மூடிக்கொண்டு உயர்ந்தன. அதற்கு மேல் பிள்ளைகள், கிழவர்கள், அரிசிச் சாக்குகள், ஒரு சாமிப்படம்.

நான் பாலத்தின் மறு அந்தத்தில் போய் நின்றேன். முதல் லொறி பாலத்தில் ஏறியது. கீழே அந்தப் பீம்கள் வளைந்து கொடுத்தன, லொறி இறங்கியதும் நிமிர்ந்தன. நான் பார்க்கவில்லை. ஆனால் காலடியில் அந்த அசைவு வந்தது. கல்லும் கம்பியும் கடல் மணலும் சேர்ந்த ஒன்று ஒரு முழுக் கிராமத்தைத் தூக்கி இந்தக் கரையில் வைத்துக்கொண்டிருந்தது. மழையில் நின்று அழுதேன். யாருக்கும் தெரியாது, எல்லோர் முகமும் நனைந்துதான் இருந்தது.

முழுப் பாரத்தில் கல் ஏற்றியிருந்தால் பாலம் அதற்கு முன் முறிந்திருக்குமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். தெரியாது. எங்கள் தொழிலில் நடக்காமல் போனதற்குச் சாட்சி கிடையாது. அதோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள்.

கடைசி லொறியில், எஞ்சின்களின் மேலே குந்தியபடி சம்மாட்டியார் வந்தார். பாலத்தை விட்டு இறங்கியதும் லொறியை நிறுத்தச் சொல்லி என்னிடம் குனிந்தார்.

"தங்கச்சி, இன்னும் ஒருக்காப் போய்ட்டு வரலாமோ? ஆடுகள் அங்கை நிக்குது."

நான் வானத்தைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"போய்ட்டு வாங்கோ அண்ணை" என்றேன்.

எஞ்சின்களை இறக்கிவிட்டு, லொறி திரும்பிப் பாலத்தில் ஏறியது.